பூநாரை பார்க்க சூலூர்பேட்டை போறீங்களா? அதுக்கு முன்னாடி பழவேற்காட்டின் தண்ணீர்க் கணக்கைத் தெரிஞ்சுக்குங்க!

டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா. 365 படிகளிலும் பூஜை, பஜனைக் குழுக்கள், மலை முழுக்கக் கூட்டம். புத்தாண்டு காலையில் கூட்டம் இறங்கிப் போன பிறகு, சொந்த வண்டி வைத்திருக்கும் இளவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்த பிளான் ஓட ஆரம்பிக்கும். அந்தப் பட்டியலில் கடந்த சில வருடங்களாக இடம்பிடித்திருப்பது பறவைகள். ஊத்துக்கோட்டை, சத்தியவேடு வழியாகவோ, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தோ போனால் தடா, அதைத் தாண்டி சூலூர்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு. அந்தக் கோடுதான் பூநாரைக் கூட்டம்.

ரீல்ஸில் நீங்கள் பார்ப்பது இதோடு முடிந்துவிடும். அந்தக் கோடு ஒரு வருடம் ரோட்டுக்குப் பக்கத்திலும், இன்னொரு வருடம் கண்ணுக்கே எட்டாத தூரத்திலும் இருப்பது ஏன்? அதற்குப் பதில் தேடினால், வானத்தைப் பார்ப்பதைவிட ஏரியின் தண்ணீரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இரண்டு மாநிலங்களுக்கு நடுவே பல காலமாக மிதந்துகொண்டிருக்கிறது.

முதலில், அந்தத் திருவிழா

ஆந்திர அரசு 2001 முதல் நடத்திவரும் விழா இது. பெயர் ஃபிளமிங்கோ ஃபெஸ்டிவல். நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2025 ஜனவரி 18 முதல் 20 வரை மூன்று நாள் மீண்டும் நடந்தது. சூலூர்பேட்டையில் மேடை, கலை நிகழ்ச்சிகள், அரங்குகள். நேலப்பட்டு சரணாலயத்தில் பறவை பார்த்தல். அட்டகானிதிப்பாவில் பூநாரை, பீமுனிவாரிபாளையத்தில் படகு. பள்ளிப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

சூலூர்பேட்டை 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அதாவது, திருத்தணிக்குப் பக்கத்து மாவட்டத்தின் விழா இது. ஏரியின் தெற்கு ஓரமான பழவேற்காடு ஊரோ திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது. திருத்தணியும் அதே மாவட்டம்தான்.

நேலப்பட்டு: குளம் ஒண்ணு, மரம் ஒண்ணு

பூநாரை மோகத்தில் பலர் தவறவிடுவது நேலப்பட்டைத்தான். சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ., தொரவாரிசத்திரம் பக்கம். 458 ஹெக்டேரைக் கொஞ்சம் தாண்டும் சின்ன சரணாலயம், 1976-ல் அறிவிக்கப்பட்டது. காட்சிக்கூடமும் கண்காணிப்புக் கோபுரமும் வைத்து, பிள்ளைகளுக்குப் பறவையை அறிமுகம் செய்யும் இயற்கைக் கல்வி மையமாகவும் ஆந்திர வனத்துறை இதை நடத்துகிறது.

நம்மூர் வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் உடனே புரிந்துவிடும். ஒரு ஏரி, அதற்குள் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் மரங்கள், மரம் நிறையக் கூடுகள். இங்கே நட்சத்திரப் பறவை புள்ளி அலகு கூழைக்கடா. தென்னிந்தியாவில் இது கூட்டமாகக் கூடு கட்டும் முக்கிய இடங்களில் நேலப்பட்டு ஒன்று. நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் பக்கத்துக் கிளைகளில் குடியிருக்கும்.

கூடு கட்டும் மரங்களில் முக்கியமானது நீர்க்கடம்பு. மாதக்கணக்கில் வேர் தண்ணீருக்குள் இருந்தாலும் அழுகாது. முருகனோடு சேர்த்துச் சொல்லப்படும் கடம்பு எது என்பதில் தாவரவியல்காரர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. செங்கடம்பு என்று சிலர் கை காட்டுவது இந்த மரத்தைத்தான். திருத்தணியிலிருந்து போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க இது ஒரு காரணம்.

மரம் ஏன் தண்ணீருக்குள் இருக்கணும்? பாதுகாப்புக்காக. சுற்றிலும் தண்ணீர் நின்றால் காட்டுப்பூனை, நாய், நரி எதுவும் கூட்டை நெருங்காது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால் கூழைக்கடா குடும்பம் நடத்தும். மழை பொய்த்து ஏரி பாதியில் நின்றால், வந்த பறவையும் வேறு இடம் பார்க்கும். அக்டோபரில் வருகை, டிசம்பர்–ஜனவரியில் கூடும் குஞ்சும், மார்ச்சில் கிளம்பும் ஏற்பாடு. இந்தக் காலண்டர் மழையை ஒட்டி முன்னே பின்னே நகரும்.

இந்தச் சரணாலயத்துக்கு வெளியேதான் விஷயமே இருக்கிறது. கூழைக்கடா நேலப்பட்டில் தூங்கும், குஞ்சு பொரிக்கும். சாப்பாட்டுக்குப் பெரிதும் நம்பியிருப்பது சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் பழவேற்காடு ஏரியை. வேலி போட்டு, கோபுரம் கட்டி, டிக்கெட் கொடுத்து ஒரு இடத்தைக் காப்பாற்றிவிடலாம். அந்தப் பறவையின் அடுப்படி வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அடுப்படியின் நிலவரம் என்ன?

பழவேற்காடு: ஏரின்னு சொன்னாலும் ஏரி இல்லை

பெயர்தான் ஏரி. உண்மையில் இது கடலோடு மூச்சு வாங்கும் உவர்நீர்க் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் இரண்டாவது பெரியது. நீளம் சுமார் 60 கி.மீ. சராசரி ஆழமோ ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் முழங்கால் தண்ணீர். வெள்ளக் காலத்தில் 450 சதுர கி.மீ. வரை விரியும் என்றும், வறண்ட காலத்தில் 250 சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கும் என்றும் பொதுவாகச் சொல்வார்கள்.

இதற்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. மேற்கே இருந்து நன்னீர்: தெற்கில் ஆரணி ஆறு, சூலூர்பேட்டையைத் தொட்டு வரும் காளங்கி, வடக்கில் சொர்ணமுகி. கிழக்கே இருந்து உப்புநீர்: வங்காள விரிகுடா. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமான மணல் தீவாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. அதன் முனைகளிலும் இடையிலும் உள்ள முகத்துவாரங்கள்தான் கதவுகள். தமிழகப் பக்கம் பழவேற்காடு முகத்துவாரம், ஆந்திரப் பக்கம் ராயதொருவு, கொண்டூருபாளையம்.

மழைக்கால செய்திகளைப் பார்க்கிற திருத்தணிக்காரர்களுக்கு இந்த நீர்வழியின் ஒரு துண்டு ஏற்கனவே பழக்கம். ‘ஆந்திராவில் அம்மபள்ளி அணை திறப்பு, பள்ளிப்பட்டு கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’ என்று நோட்டிபிகேஷன் வருமே, அது கொசஸ்தலை ஆறு. பூண்டி வழியாக எண்ணூருக்குப் போகிறது. ‘பிச்சாட்டூர் அணை திறப்பு, ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கியது’ என்று வருவது ஆரணி ஆறு. அந்த வெள்ளம்தான் பொன்னேரி தாண்டி பழவேற்காட்டில் போய்க் கலக்கிறது. நமக்கு அது வெள்ள அபாயம். ஏரிக்கோ, ஏறிக் கிடக்கும் உப்பைக் கரைத்துக் கழுவும் வருடாந்திரத் தண்ணீர்.

பூநாரைக்கு இங்கே என்ன வேலை?

இங்கே வரும் பெரும் பூநாரை, கூடு கட்டுவதற்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியை. பழவேற்காட்டுக்கு வருவது சாப்பிட. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கைப் பம்பு மாதிரி அடித்து, அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற சல்லடையில் சேற்றுநீரை வடிகட்டும். சின்ன ஓட்டுடலிகள், புழுக்கள், பாசி எல்லாம் உள்ளே தங்கும். அவற்றில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிதான் இறகின் இளஞ்சிவப்பு.

இப்படிச் சாப்பிட அதற்கு ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். நீந்தத் தெரியும், ஆனால் கூட்டமாக நின்று மேய்வதற்குக் கால் ஊன்றும் சேறு வேண்டும். தண்ணீர் ரொம்ப ஏறினால் ஆழமில்லாத ஓரங்களைத் தேடி நகரும். ரொம்ப இறங்கினால் சேறு காய்ந்து சாப்பாடே இருக்காது. இடைப்பட்ட ஒரு அளவு, அதுவும் ஏற்ற உப்புத்தன்மையோடு இருக்கணும். ‘இந்த வருஷம் பறவை கம்மி’ என்று யாராவது சொன்னால், பறவை குறைந்துவிட்டது என்று அர்த்தமாக வேண்டியதில்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருக்கலாம், கூட்டம் வேறு ஓரத்துக்கு நகர்ந்திருக்கலாம். ஒரு நாள் பார்வையை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதால்தான் ஒவ்வொரு ஜனவரியும் ஆசிய நாடுகள் பலவற்றில் ஒரே காலகட்டத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-ல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களும் சேரலாம். தமிழக வனத்துறையும் ஈரநிலப் பறவைகளைத் தனியாக ஒருங்கிணைத்து எண்ணுகிறது.

கதவு மூடிக்கிட்டா?

இனி முகத்துவாரத்துக்கு வருவோம். பிரச்சினையின் மையம் இதுதான்.

கோரமண்டல் கரையில் அலைகள் ஆண்டு முழுக்க மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்தால் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி. அந்த மணல் முகத்துவாரத்தின் வாயில் வந்து திட்டாக நிற்கும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் உடைத்துக்கொண்டு போய்விடும். கோடையில் உடைக்க ஆளில்லை. கதவு மூடிக்கொள்ளும்.

மூடினால் மூன்று விஷயம் நடக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், வடக்குப் பகுதி காய்ந்து வெடிக்கும். கடலில் பிறந்து காயலில் வளர வேண்டிய இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் உள்ளே வர முடியாது. படகு கடலுக்குப் போக முடியாது. பறவை பார்க்க வருகிறவருக்கு முதலாவது மட்டும் கண்ணில் படும். பழவேற்காட்டு மீனவருக்கு மூன்றும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து சேரும். ஏரியில் இருக்கும் மீன்பிடி இடங்களைக் குலுக்கல் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டை இங்குள்ள மீனவர்கள் தலைமுறைகளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இறால் உள்ளே வராவிட்டால், முறை வந்தும் பயனில்லை. வலையோ படகோ இல்லாமல், முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு நிலைமை இன்னும் மோசம்.

அதனால் மீனவர்களே காசு போட்டு, மண்வெட்டியோ பொக்லைனோ வைத்து வாயைத் திறந்த காலம் உண்டு. அடுத்த கோடையில் மறுபடி மூடும். இதற்கு நிரந்தர வழியாக, சுமார் 27 கோடி ரூபாயில் முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கல் கொட்டித் தடுப்புச்சுவர் எழுப்பி, நடுவே தூர்வாரும் திட்டத்துக்குத் தமிழக அரசு ஒப்புதல் கொடுத்தது. இடம் சரணாலயப் பகுதி என்பதால் வனவிலங்கு அனுமதி, கடலோர அனுமதி என்று கோப்பு நகரவே வருடங்கள் ஓடின. பறவைக்கும் நல்லது செய்யக்கூடிய வேலை, பறவைச் சட்டத்தின் கீழேயே காத்துக் கிடந்தது.

கல் சுவர் வந்தால் எல்லாம் சரியாகிடுமா? அங்கேயும் ஒரு ‘ஆனால்’ இருக்கு. சுவரின் தெற்கே மணல் சேரும். வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் நின்றுபோவதால் அந்தக் கரை அரிக்கலாம். இங்கே வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை, அப்புறம் ஸ்ரீஹரிகோட்டா. தெற்கில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் கட்டிய பிறகு கரை எப்படி மாறியது என்பதை மீனவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை அவர்கள் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ராயதொருவு முகத்துவாரம் பல ஆண்டுகளாக மணல் மேடிட்டுக் கிடப்பதால், அதைத் தூர்வார வேண்டும் என்று ஆந்திர மீனவர்களும் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். இந்த வாயைத் திறந்தால் அந்த வாய்க்கு என்ன ஆகும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். தனித்தனியாகப் போடும் கணக்கு பாதிக் கணக்குதான்.

செல்ஃபி எடுக்கிற அந்த ரோடு

ஏரியை நிரப்புவதிலும் காயவிடுவதிலும் இன்னொரு பங்காளி இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தபோது, சூலூர்பேட்டையிலிருந்து ஏரிக்குக் குறுக்கே மண் மேடு கொட்டி ரோடு போடப்பட்டது. இஸ்ரோவின் ஒவ்வொரு ராக்கெட்டும், ஒவ்வொரு விஞ்ஞானியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நாட்டுக்குத் தேவையான ரோடு, சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் கடக்க விடப்பட்ட மதகுகள் போதாது என்பது ஆய்வாளர்களும் மீனவர்களும் பல காலமாகச் சொல்லிவரும் குறை. வடக்குப் பகுதி சீக்கிரம் காய்வதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பூநாரையைப் பார்க்க மிக வசதியான இடமும் இதே ரோடுதான். வண்டியை ஓரம் கட்டினால் இரண்டு பக்கமும் பறவை. ஏரியைக் குறுக்கே வெட்டிய மேட்டில் நின்றுகொண்டுதான் ஏரியின் அழகை எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

இஸ்ரோவை வில்லனாக்கிவிட்டுப் போகவும் முடியாது. தீவு தடைசெய்யப்பட்ட பகுதியாக இருப்பதால்தான் ஸ்ரீஹரிகோட்டாவின் கடலோர உலர் பசுமைமாறாக் காடு பெருமளவு தப்பித்தது. அந்தத் தீவு ரிசார்ட்டுகளின் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போனாலே யூகிக்கலாம்.

உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லிக் காப்பாற்றிய ஏரி

1990-களில் இறால் பண்ணை அலை அடித்தபோது, தஞ்சைப் பகுதியில் நிலமற்றோருக்காகப் போராடிய சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் தீவிர இறால் பண்ணைகளுக்குத் தடை போட்டது. அதே தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்று தனியாகச் சொன்னது. நேலப்பட்டு சரணாலயத்தின் பெயரும் அதில் இருக்கிறது. பாரம்பரிய முறை வளர்ப்புக்கு விலக்கு உண்டு.

ஒரு தமிழ்நாட்டுக் காந்தியவாதி போட்ட வழக்கு, ஆந்திராவில் இருக்கும் கூழைக்கடாவின் கூட்டுக்கும் வேலி போட்டது. பழவேற்காடு விஷயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே விதி வந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. அந்த விதியும் நீதிமன்றத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

கோடு எங்கே விழுந்தது?

எல்லை என்றால் என்ன என்று திருத்தணிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் சமரசம், 1959 எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் தாண்டி, 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குத் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. அந்தப் பேச்சுவார்த்தைகளில் மொழியும் கிராமமும் கணக்கில் வந்தன. ஏரியின் நீரோட்டத்தை வைத்து எல்லை பேசும் காலம் அது இல்லை.

விளைவு, மிகப் பெரும்பகுதி ஏரி ஆந்திராவில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். ஆந்திரா 1976-ல் தன் பகுதியைச் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு 1980-ல் தன் பகுதியை அறிவித்தது. தமிழகப் பகுதி சுமார் 153 சதுர கி.மீ. அதற்குள் ஊர்கள், பட்டா நிலங்கள், மீன்பிடி உரிமைகள் எல்லாம் உண்டு. அந்த உரிமைகளை முறைப்படி தீர்த்துவைக்கும் வேலை பல பத்தாண்டுகளாக இழுபறி. தன் வீட்டுக்குக் கழிப்பறை கட்டவோ, ஊருக்கு ரோடு போடவோ எந்த அலுவலகத்தில் நிற்பது என்று தெரியாத மக்களிடம் போய் ‘பறவையைக் காப்பாற்றுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டினால் எரிச்சல்தான் வரும்.

இன்னொரு தகவல். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி நிலவரப்படி 20 ராம்சர் ஈரநிலங்கள் இருந்தன, நாட்டிலேயே அதிகம். அந்த 20-ல் பழவேற்காடு இல்லை. ஆந்திரா ராம்சர் பட்டியலில் சேர்த்தது கொல்லேறு ஏரியை. அங்கேயும் பழவேற்காடு இல்லை. அங்கீகாரம் கிடைத்தால் உடனே தண்ணீர் வந்துவிடாது, சரிதான். ஆனால் இந்தியாவின் இரண்டாவது பெரிய காயல் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இல்லாமல் போனதற்கு, அது யாருடைய முழுப் பொறுப்பும் இல்லை என்பதைவிட எளிமையான விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

சிலிகா எப்படித் தப்பித்தது?

அதே நோய் சிலிகாவுக்கும் வந்தது. வாய் தூர்ந்தது, உப்பு குறைந்தது, களை மண்டியது, மீன் போனது. ஆபத்தில் இருக்கும் ராம்சர் தலங்களின் பட்டியலான மாண்ட்ரூ பதிவேட்டில் 1993-ல் அதன் பெயர் ஏறியது. ஒடிசா அரசு அதற்கு முன்பே, 1991-ல், சிலிகா வளர்ச்சி ஆணையம் என்று ஒன்றை உருவாக்கியிருந்தது. நீரோட்டத்தை மாதிரி போட்டு ஆய்வு செய்து, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாயைத் திறந்தார்கள். 1999-2000-ல் சுமார் 1,750 டன்னாக இருந்த மீன்வளம் 2001-02-ல் 12,000 டன்னை நெருங்கியது. 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. ராம்சர் விருதும் கிடைத்தது.

சிலிகாவில் இன்று பிரச்சினையே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் அங்கே ஒரே மாநிலம், ஒரே ஆணையம். வாயைத் திறப்பவர், உப்பை அளப்பவர், மீனை எண்ணுபவர், பறவையை எண்ணுபவர் எல்லோரும் ஒரே மேஜைக்கு வர வேண்டியிருந்தது. பழவேற்காட்டுக்கு இரண்டு மாநிலமும் சேர்ந்து உட்காரும், அதிகாரமும் பணமும் உள்ள அப்படியொரு மேஜை கிடையாது.

இரண்டு மாநிலம் என்பதுதான் தடையா? ஐரோப்பாவின் வாடன் கடல் சேற்றுநிலம் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் என்று மூன்று நாடுகளில் பரவியிருக்கிறது. அங்கேயும் லட்சக்கணக்கில் வலசைப் பறவைகள், மீனவர்கள், துறைமுகங்கள். மூன்று நாடுகளும் 1982-ல் கூட்டு அறிவிப்பில் கையெழுத்திட்டு, 1987-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பொதுச் செயலகம் ஒன்றையும் வைத்தன. மூன்று பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் செய்த வேலை. இங்கே இரண்டு பக்கமும் ஒரே ஆதார் அட்டை. சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயிலே ஓடுகிறது.

திருவிழா தேவையில்லை என்று இதற்கு அர்த்தமா? இல்லை. கூழைக்கடாவை முதல்முறை பைனாகுலரில் பார்த்த ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை மறக்காது. ஆனால் மேடைப் பேச்சில் எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று சொல்லும்போதே, அந்த ஆண்டு ராயதொருவு எத்தனை மாதம் திறந்திருந்தது, நேலப்பட்டு ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எத்தனை கூட்டில் குஞ்சு பறந்தது என்பதையும் சொன்னால் விழாவுக்கு மதிப்பு கூடும். இதெல்லாம் அளக்க முடியாத ரகசியமே இல்லை.

போறதா இருந்தா…

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். நேலப்பட்டுக்குக் காலை சீக்கிரமோ, பறவைகள் கூடு திரும்பும் மாலையோ போங்க. உச்சி வெயிலில் பாதி மரம் காலியாக இருக்கும். விழா நாட்களைத் தவிர்த்தால் கூட்டமும் சத்தமும் குறைவு, பறவையும் கிட்டே இருக்கும். ரயிலில் போகிறவர்கள் சூலூர்பேட்டையில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் வாகனங்கள் வேகமாக வரும். நடு ரோட்டில் நின்று படம் எடுக்காதீங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம்: சரணாலயம், அதோடு பக்கத்திலேயே ஏவுதளம். கூட்டத்தைப் பறக்கவிட்டு வீடியோ எடுப்பதற்காகக் கல்லெறிவதும் கத்துவதும் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் பறவை அன்றைய சாப்பாட்டில் கொஞ்சத்தைச் செலவழிக்கிறது.

பழவேற்காடு பக்கம் போனால், யாராவது படகில் கூட்டிப்போவதாகச் சொன்னாலும் ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து, ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழகப் பகுதியில் சுற்றுலாப் படகுக்குத் தடை இருக்கிறது. படகில்லாமலேயே பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கு: முகத்துவாரம். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருக்கும் யாரிடமாவது ‘அண்ணே, வாய் திறந்திருக்கா?’ என்று கேட்டால் போதும். இந்த வருடம் இறால் எப்படி, மணல் எங்கே சேர்ந்திருக்கு, வடக்கே பூநாரை நிற்குமா நிற்காதா என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்.